கஜா கேட்டா அவுட்டு

வா தம்பி. இவ்ளோ நேரம் ஃபாஸ்ட் பவுலருங்க போட்டுட்டிருந்தாங்க, நான் அந்தா தூரத்துல நின்னேன், உன் காதுக்கு நிம்மதியா இருந்திருக்கும். இப்ப நம்ம ஹிதாயத்து வந்துட்டான். லெக் ஸ்பின். கீப்பர் ஸ்டம்புக்குக் கிட்ட வந்தாச்சு. இனிமே நீ அவுட் ஆகுற வரைக்கும் நான் பேசுவேன், நீ கேப்ப. முப்பது வருஷமா இதான் ஏற்பாடு. சந்தேகம் இருந்தா உங்க டெண்டுல கேட்டுப் பாரு, கஜபதி எப்பவாச்சும் வாயை மூடிக்கிட்டு கீப்பிங் பண்ணியிருக்கானான்னு.

அம்பயரைப் பாக்காத. அவருக்குப் பழகிப்போச்சு. கெட்ட வார்த்தை பேசினாத்தான் அவர் வருவாரு. நான் கெட்ட வார்த்தை பேசுறதில்ல. கதை சொல்வேன். கதை சொல்லக் கூடாதுன்னு எந்த ரூல்லயும் கிடையாது.

இரு, வரான்.

ம். விட்டுட்ட. உஷாரான ஆளுதான். அது வெளிய போற பந்து, தொட்டிருந்தா என் கையில இருந்திருக்கும்.

உன் இடது கால்பேடுல கீழ் பக்கிள் லூசா இருக்கு, தெரியுமா? நீ ஒவ்வொரு வாட்டி ஓடும்போதும் கிணுக் கிணுக்குனு அடிக்குது. இந்தக் காலத்துல எவன் பக்கிள் வெச்ச கால்பேடு கட்டுறான்? எல்லாம் பட்டையை ஒட்டிக்கிட்டு வரானுங்க. இது பழசு. கான்வாஸு. வெள்ளை பூசிப் பூசி சுவரு மாதிரி ஆயிருக்கு. நீ இறங்கி நடந்து வரும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன்னை எனக்குத் தெரியாது தம்பி, ஆனா இந்தக் கால்பேடைத் தெரியும். ஒரு நாள் முழுக்க இதுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்.

ரங்கபிரசாத் பையன்தான நீ?

பாத்தியா, தோள் அசையுது. வாயைத் திறக்கலன்னாலும் முதுகு சொல்லிடும். முப்பது வருஷமா முதுகைத்தான பாத்துட்டிருக்கேன். எவன் பயப்படுறான், எவன் சிரிக்கிறான், எவன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருக்கான், எல்லாம் முதுகுல இருக்கும். எனக்கு முகத்தைப் பாத்தாத்தான் பேச்சு வராது. என் வீட்டுக்காரியே சொல்வா, கட்டுனவகிட்ட பேசினதைவிட ஊரான் முதுகுகிட்ட பேசினதுதான் அதிகம்னு. தூக்கத்துலயும் அப்பீல் பண்றேனாம். ஒரு நாள் எழுப்பி, அவுட்டுதான்யா, படுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அடிச்சிட்டியா. ம். கவர்ல ரெண்டு. ஓடு ஓடு. உங்கப்பன் மாதிரியே முழங்கையைத் தூக்குற.

சரி, கணக்கை ஒருவாட்டி சொல்லிடறேன், நீ எதுக்கு நிக்கிற, நான் எதுக்கு உக்காந்திருக்கேன்னு தெரியணும்ல. உங்களுக்கு இன்னும் இருபது சொச்சம் வேணும். எட்டு விக்கெட்டு போயாச்சு. அந்தப் பக்கம் நிக்கிறவன் பேட்டைத் துடைப்பம் மாதிரி பிடிச்சிருக்கான், கடைசியா வரப்போறவன் அவனுக்கும் அண்ணன். நீ ஒருத்தன்தான் ஆளு. நீ போனா மேட்ச் எங்களுது. நீ நின்னா நாங்க கீழ் டிவிஷனுக்குப் போறோம். எங்களுக்குக் கீழ ஒரு டிவிஷன் இருக்கான்னு நீ கேப்ப. இருக்கு தம்பி. எல்லாருக்கும் கீழ ஒண்ணு இருக்கும்.

காலையில எங்க செக்ரட்டரி டில்லிபாபு என்கிட்ட வந்தான். அந்தா, டெண்டுல வெள்ளைத் தொப்பி போட்டு நிக்கிறானே, அவன்தான். நான் ஆட ஆரம்பிச்சப்ப அவனுக்கு மூக்கு ஒழுகும். வந்து சொல்றான், அண்ணே, இன்னைக்குத் தோத்தா அடுத்த சீசன் புதுப் பசங்களை வெச்சு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடலாம், நீங்க மேனேஜரா இருந்து பாத்துக்குங்கன்னு. எவ்ளோ மரியாதையா சொன்னான் தெரியுமா. மேனேஜர்னா என்ன? ஐஸ் தண்ணி வந்துச்சா, மத்தியானத்துக்குத் தயிர் சாதம் வந்துச்சான்னு பாக்குறவன். அதுக்கு நான் வீட்லயே இருப்பேன்.

இல்ல, இருக்க மாட்டேன். வீட்ல இருந்து என்ன பண்றது? எனக்கு இந்த ஸ்டம்புக்குப் பின்னாடி ரெண்டடி இடம்தான் தம்பி தெரியும். அம்பத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில வேலைக்கு எடுத்தாங்க, பந்து பிடிக்கத்தான் எடுத்தாங்க. டேபிள் குடுத்திருக்காங்க. அந்த டேபிள்ல நான் உக்காந்தா எல்லாரும் எழுந்து டீக்குப் போயிடறாங்க. இந்த இடத்தையும் நீ இன்னைக்கு எடுத்துட்டுப் போகப் பாக்குற. உங்க குடும்பத்துக்கு அது ஒரு பழக்கம்.

வந்துட்டான். நேரா பாரு.

தடுத்துட்ட. சரி.

நீ என்ன நினைக்கிற, இவன் சும்மா வெறுப்பேத்துறான்னு நினைக்கிற. இல்ல. என்னைப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன், லீக்ல எந்த அம்பயரை வேணும்னாலும் கேட்டுக்க. நான் ஆயிரம் பேசுவேன். ஆனா பொய்யா ஒரு அப்பீல் பண்ணதில்ல. ஒண்ணு கூட. எனக்குக் காது அப்படி. பேட்டுல பட்டா டக்குனு காஞ்ச சத்தம், சுள்ளி ஒடிஞ்ச மாதிரி. துணியில பட்டா சத்தமே வேற. பக்கிள்ல பட்டா கிணுக்குனு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். அதனால அம்பயருங்க நடுவுல ஒரு பேச்சு உண்டு, கஜா கேட்டா அவுட்டு. கஜா கேக்கலன்னா, மத்த பத்துப் பேரும் தொண்டை கிழியக் கத்தினாலும் நாட் அவுட்டு.

ஒரு தடவை ஃபைனலு. எதிர் டீம்ல கடைசி ஜோடி ஆடுது. பந்து தொடையில உரசிட்டு என் கைக்கு வந்துச்சு. எங்க டீம் மொத்தமும் கைய தூக்கிக்கிட்டு ஓடி வருது. நான் பந்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கம்முனு நின்னேன். அம்பயர் அவங்க யாரையும் பாக்கல. என்னைப் பாத்தாரு. தலையை ஆட்டிட்டாரு. அடுத்த ஓவர்ல தோத்துட்டோம். எங்க கேப்டன் என் கிட் பேக்கைத் தூக்கி ரோட்டுல எறிஞ்சான். அந்தப் பந்தைப் போட்ட பவுலர் சாகுற வரைக்கும் என்கிட்ட பேசல. அவன் சாவுக்குப் போனேன், அவன் வீட்டாளுங்களும் பேசல. பரவால்ல. எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. கப்பு இல்ல, பேப்பர்ல படம் இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு.

ஓவர் முடிஞ்சுது. நீ அந்தப் பக்கம் இரு. எங்க போயிடப் போற, வருவல்ல.

வந்துட்டியா. இப்ப உங்கப்பன் கதைக்கு வரேன்.

நீ பொறக்கறதுக்கு முந்தி ஒரு வருஷம் மாநில டீம்ல கீப்பர் இடம் காலி. பழைய ஆளுக்கு முட்டி போச்சு, விட்டுட்டாரு. ரெண்டு பேருதான் பாக்கி. ஒண்ணு கஜபதி, ஒண்ணு ரங்கபிரசாத். செலக்ஷன் மேட்ச் வெச்சாங்க, அவன் ஒரு டீமு, நான் ஒரு டீமு. உங்கப்பன் கார்ல வருவான். டிரைவர் கிட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வருவாரு. நான் அயனாவரத்துலேர்ந்து பஸ்ல, கிட்டை மடியில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கண்டக்டர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு. இதை நான் தப்பா சொல்லல. பணக்காரன் பந்து பிடிக்கக் கூடாதுன்னு இருக்கா? ஆனா பிடிக்கணும். அவன் கை மரக்கட்டை. பந்து அவன் கையில விழுந்தா கதவு சாத்துன சத்தம் வரும். என் கையில விழுந்தா சத்தமே வராது.

உங்கப்பன் பேட்டிங் வந்தான். நான் பின்னாடி, இதே மாதிரி. எங்காளு லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னு. வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு, பத்து ரன்னு கூட எடுத்திருக்க மாட்டான். நான் என்ன பேசிட்டிருந்தேன்னு கூட ஞாபகம் இருக்கு. டிரைவர் கிட்டைத் தூக்கிட்டு வந்தாரே, வந்து பேட்டையும் அவரே பிடிச்சுக்குவாரான்னு கேட்டுட்டிருந்தேன். பிடிச்சுக்குவாரான்னு முடிக்கிறதுக்குள்ள டக்கு. மெல்லிசா. பந்து என் கிளவுஸ்ல. கேட்டேன். நான் எப்பவாச்சும்தான் கேப்பேன், அன்னைக்குக் கேட்டேன்.

உங்கப்பன் என்ன பண்ணான் தெரியுமா? நடக்கல. வானத்தைப் பாக்கல, பூமியைப் பாக்கல. குனிஞ்சான். குனிஞ்சு, இதே கால்பேடு, இதே பக்கிளு, அதை இறுக்கிக் கட்டினான். பக்கிள்லதான் பட்டுச்சுங்கற மாதிரி. அம்பயர் அதைப் பாத்தாரு. நாட் அவுட்டுன்னுட்டாரு.

நூறு அடிச்சான். அந்த நூறுக்கும் நான் பின்னாடி உக்காந்திருந்தேன்.

இரு, போடுறான்.

இறங்கி வந்துட்ட... விட்ட... அய்யோ. அய்ய.

சரி, சரி. கத்தாதீங்கடா. மண்ணு கிளம்பியிருக்கு அந்த இடத்துல, பந்து எழும்பலை, என்ன பண்ணச் சொல்ற. ஸ்டம்பிங்தான், தெரியும். எனக்குத் தெரியாதா அது ஸ்டம்பிங்னு? பை நாலு ரன்னு, போகட்டும். ஹிதாயத்து, முறைக்காத, அடுத்ததைப் போடு. டில்லிபாபு ஏன் எழுந்து நிக்கிறான்? உக்காரச் சொல்லு அவனை.

முட்டி தம்பி. அந்தப் பழைய கீப்பருக்குப் போச்சுன்னு சொன்னேன்ல, அவருக்கு ஆபரேஷன் பண்ணி விட்டாங்க. எனக்கு மஞ்சப்பத்துதான்.

விட்ட இடத்துக்கு வரேன். டீ இடைவேளையில நான் சும்மா இருப்பேனா? நேரா அம்பயர்கிட்ட போனேன். சேதுமாதவன்னு ஒருத்தரு, இப்ப இல்ல, போயிட்டாரு. சார், கஜா கேட்டா அவுட்டுன்னு நீங்களே ஊரெல்லாம் சொல்வீங்க, இன்னைக்கு ஏன் கை தூக்கலன்னு கேட்டேன். டம்ளரைக் கீழ வெச்சாரு. கஜபதி, எனக்குச் சத்தம் கேட்டுச்சுப்பா, ஆனா அந்த நேரம் நீ பேசிக்கிட்டிருந்த, உன் பேச்சு நடுவுல அது பேட்டா பக்கிளான்னு என்னால பிரிக்க முடியல, ஒரு நொடி நீ கம்முனு இருந்திருந்தா குடுத்திருப்பேன்னாரு.

எப்படி இருக்கு நியாயம்? காது மந்தம் அவருக்கு, பழி என் வாய் மேல. நான் பேசினதால கேக்கலையாம். எல்லாம் பேசி வெச்சுதான் வந்திருக்காங்க தம்பி. எனக்கு இதுல கொஞ்சமும் சந்தேகமே கிடையாது.

அப்புறம் ஒரு செலக்டர் வந்தாரு. பேரு வேணாம். தோள்ல கையைப் போட்டு, உன்ன மாதிரி கை நான் பாத்ததில்ல, வயசு இருக்கு, அடுத்த வருஷம் பாப்போம், கொஞ்சம் வாயை மட்டும் குறைச்சுக்கன்னாரு. நான் அந்தக் கையை எடுத்துக் கீழ விட்டேன். ரங்கபிரசாத்துக்கு உங்க பொண்ணைக் குடுக்கறதா கேள்விப்பட்டேன், கல்யாணம் எப்ப சார்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவருக்குப் பொண்ணே கிடையாதுன்னு அப்புறம் சொன்னாங்க. இருந்திருந்தா குடுத்திருப்பாரு, அதுல என்ன இருக்கு. அடுத்த வருஷம் அவங்க கூப்பிடவே இல்ல. அதுக்கடுத்த வருஷமும் இல்ல. முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்றதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

ஸ்வீப்பு. நாலு. நல்ல ஷாட்டுதான், இல்லன்னு சொல்லல. இன்னும் பதினஞ்சு கூட வேணாம் உனக்கு.

என்ன, திரும்புற? என்ன சொன்ன? கேட்டுட்டுதான் இருக்கேன் அங்கிள்னா? அங்கிள்னு கூப்பிடாத. நான் யாருக்கும் அங்கிள் இல்ல. பக்கிள் லூசா இருக்குன்னு சொன்னேன்ல, இன்னும் ஏன் ஆடிட்டிருக்கு? முள்ளு ஒடிஞ்சுபோச்சா? புதுசு வாங்க வேண்டியதுதான, கார் வெச்சிருந்த குடும்பம்தான. அப்பாவோடதுன்னு கட்டிட்டிருக்கியா. கட்டு, கட்டு.

எனக்கு ஒண்ணு புரியல. உங்கப்பனுக்கு அவ்ளோ ஆளுங்க இருந்தாங்களே, நீ ஏன் இந்தப் பொட்டல்ல எங்களோட புழுதி தின்னுட்டிருக்க? ஒரு போன் போட்டா மேல் டிவிஷன்ல இடம் கிடைக்காதா? போன் பண்ணலன்னு சொல்லுவ. அதெல்லாம் ஒரு வேஷம் தம்பி. எனக்குத் தெரியாதா.

அவனும் பெருசா என்ன கிழிச்சான்? ரெண்டு மேட்ச் ஆடினான். விரலு ஒடிஞ்சுது, இறக்கிட்டாங்க, அதோட சரி. ரெண்டு மேட்ச்சுக்கா என் இடத்தை எடுத்துக்கிட்டுப் போனான்? நானா இருந்தா பத்து வருஷம் ஆடியிருப்பேன். இந்த விரலைப் பாரு. ஒண்ணாவது நேரா இருக்கா? இஞ்சிக் கிழங்கு மாதிரி. ஒடிஞ்ச விரலைப் பக்கத்து விரலோட சேத்துக் கட்டிக்கிட்டு ஆடியிருக்கேன். ஒரு மேட்ச் விட்டதில்ல. விட்டா அடுத்தவன் வந்துடுவான்ல.

அன்னைக்குச் சாயங்காலம் மேட்ச் முடிஞ்சு உங்கப்பன் என்கிட்ட வந்தான். கை நீட்டிக்கிட்டு. என்னமோ சொல்ல வாயெடுத்தான். டிரைவர் காத்துட்டிருக்காரு, போங்க சார்னு சொல்லிட்டு நான் கிட்டைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துல பாத்தேன், அப்பவும் கிட்ட வந்தான். நான் சாப்பிடாமலே வந்துட்டேன். அவன் என்ன சொல்லுவான், எனக்குத் தெரியாதா? பக்கிள்தான் கஜான்னு சொல்லுவான். அதைக் கேக்க என் காது எதுக்கு?

ஒண்ணோட நிக்காம ரெண்டா ஓடி ஸ்ட்ரைக்கை வெச்சுக்கிட்ட. புத்திசாலி.

பாரு, டில்லிபாபு நாற்காலியை எல்லாம் மடக்கிட்டிருக்கான். மேட்ச் முடியல, அதுக்குள்ள மடக்குறான். ஹிதாயத்து, இங்க பாரு. அதே இடம். அந்தக் கிளம்புன மண்ணுல. மத்ததை நான் பாத்துக்கிறேன். நீ போடு.

தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லு. உங்கப்பன் வீட்ல இதைப் பத்தி எப்பவாச்சும் பேசியிருக்கானா? கஜபதின்னு ஒரு பேரு உங்க வீட்டுச் சாப்பாட்டு டேபிள்ல என்னைக்காச்சும்

ஹவுஸாட்! ஹவுஸாட் சார்!

சார். கேக்குறேன் சார். நான் கேக்குறேன். கஜா கேக்குறேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க, கிணுக்குனு கேட்டுச்சே. இல்ல, டக்குனு. டக்குனுதான் சார் கேட்டுச்சு. காதுல தெளிவா விழுந்துச்சு. டேய் ஹிதாயத்து, ஏன்டா தலையில கை வெச்சிட்டு நிக்கிற, திரும்பி அம்பயரைக் கேளு. ஸ்லிப்பு, உனக்கென்ன வாயில கொழுக்கட்டையா? கேளுங்கடா எல்லாரும். பந்து என் கையில இருக்கு, பாருங்க, கையில இருக்கு.

சார், தலையை ஆட்டாதீங்க. என்னைப் பாத்துட்டு ஆட்டுங்க சார். முப்பது வருஷம் சார்.

நீ குனியாத. தம்பி, குனிஞ்சு அந்தப் பக்கிளைத் தொடாத, சொல்லிட்டேன். உங்கப்பன் மாதிரி...

என்ன?

எங்க போற? அம்பயர் கையே தூக்கல, எங்க போற நீ?

என்ன சொன்ன? சத்தமா சொல்லு. உங்கப்பா சொல்லியிருக்காரா? கஜா கேட்டா அவுட்டு, அம்பயர் கையைப் பாத்துட்டு நிக்காத, நடந்துடுன்னா? உங்கப்பாவா சொன்னாரு? உனக்குப் பட்ட மாதிரியே தெரியலையா. தெரியலன்னா அப்புறம் ஏன்... நீங்க கேட்டீங்களே அங்கிள், அது போதும்னா? அப்பா அன்னைக்கு நின்னதே போதும், வீட்ல இன்னொருத்தனும் நிக்க வேணாம்னா?

அதைத்தான் சொல்ல வந்தாரா அன்னைக்குச் சாயங்காலம்? கல்யாணத்துலயும் அதைத்தானா?

ம். சரி. சரி, போ.

தம்பி. டேய் தம்பி, ஒரு நிமிஷம் நில்லு.

ஒண்ணுமில்ல. கிளவுஸைக் கீழ விட்டுட்டியோன்னு நெனச்சேன். கையிலதான் இருக்கா. சரி, போ.

விடுங்கடா. தோள்ல அடிக்காதீங்க, போங்க அவனவன் இடத்துக்கு. ஒரு விக்கெட்டு இன்னும் பாக்கி இருக்கு, அதுக்குள்ள என்ன கொண்டாட்டம்? டில்லிபாபு எதுக்குத் தொப்பியை ஆட்டுறான்? நாற்காலியை விரிக்கச் சொல்லு அவனை. ஹிதாயத்து, நீ ஏன் என்னையே பாக்குற? பந்தைத் தேச்சுக்கிட்டு உன் இடத்துக்குப் போ. போன்னா போ.

டெண்டுக்கு இன்னும் போய்ச் சேரல அவன். இங்க வரைக்கும் கேக்குது, கிணுக் கிணுக்குனு. யாராவது அந்தப் பையனுக்கு ஒரு புது கால்பேடு வாங்கிக் குடுக்கக் கூடாதா.

வா. நீதான் கடைசியா? வந்து பேட்டை ஊனி கார்டு எடு. உன்னுது ஒட்டுற பட்டையா? நல்லது. நிதானமா எடுத்துக்க, நான் ஒண்ணும் பேச மாட்டேன். எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

என்ன கேட்ட? நிஜமா பட்டுச்சாவா? யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குற நீ? எந்த அம்பயரை வேணும்னாலும் போய்க் கேளு. இந்தா உள்ள போறானே, அவனைக் கேளு. அவங்கப்பாவைக் கேளு. கஜா கேட்டா அவுட்டு.

என் மூஞ்சியைப் பாக்காத. முன்னாடி திரும்பு, பந்து அங்கேர்ந்துதான் வரும்.